வாலுக்கு வைத்த முட்டு

மார்ச் 3, செவ்வாய்

சுருட்டை மாமாவைக் கொன்றது கம்பெனி. இதில் "ஒருவேளை", "என்று நினைக்கிறேன்" எதுவும் கிடையாது.

இரண்டு எஞ்சின்களையும் கழற்றிவிட்டால் விமானத்தின் முன்பக்க எடை போய்விடும். வால் தரையில் உட்காரப் பார்க்கும். அதைத் தடுக்க இரும்பில் ஒரு தாங்கி உண்டு. வாலுக்கு அடியில் நிறுத்த வேண்டும். கம்பெனியில் இருந்தது ஒரே ஒரு தாங்கி. அது உடைந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பாவும் மாமாவும் மூன்று முறை எழுதிக் கொடுத்தார்கள். "வரும் வரும்" என்றது கம்பெனி. தாங்கி வரவில்லை, விமானங்கள் மட்டும் பழுது பார்க்க வந்துகொண்டே இருந்தன. அதனால் மரக்கட்டைகளை அடுக்கி வாலுக்கு முட்டுக் கொடுத்து வேலை நடந்தது. மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் தெரியும். டிசம்பரில் ஒரு நாள் கட்டை நழுவியது. வாலுக்குக் கீழே மாமா இருந்தார். அவரை இழுக்கப் போன அப்பாவின் வலது கை முழங்கைக்குக் கீழே நசுங்கியது.

இன்று அத்தைக்கு விசாரணையின் முதல் அறிக்கை வந்தது. "உடன் பணிபுரிந்தோரின் வாக்குமூலப்படி, மறைந்த ஊழியர் அனுமதியற்ற மரக்கட்டையைத் தாமே முட்டாக வைத்து, தம் கவனக்குறைவால் உயிரிழந்தார்."

உடன் பணிபுரிந்தோர்! யார் அந்த முதுகெலும்பில்லாத ஜென்மங்கள்?

மாமா ரத்த உறவு இல்லை. அப்பாவோடு இருபத்திரண்டு வருடம் ஒரே ஷிப்ட். இருவரும் ஒருவரையொருவர் "மச்சான்" என்று கூப்பிட்டுக்கொண்டதில் எனக்கு ஒரு மாமாவும் அத்தையும் சும்மா கிடைத்தார்கள். தலையில் ஒரு முடி இல்லாதவருக்குச் சுருட்டை என்று பெயர். "முடிதான் போச்சு, பேரையாவது விட்டு வைங்கடா" என்பார்.

அத்தை தையல்காரி. அறிக்கையை அளவு நாடாவோடு சேர்த்துச் சுருட்டிக் கொண்டு வந்திருந்தாள். "அந்த ஒரு வரியை அடிச்சாப் போதும்டி. வேற ஒண்ணும் கேக்கல. கவனம் இல்லாம செத்தவன்னு அவரைச் சொல்லக் கூடாது."

ஆட்சேபம் சொல்ல ஏப்ரல் 13 வரை நேரம் இருக்கிறது. அன்று நேரில் விசாரணை.

அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். வர ரொம்ப நேரம் ஆனது.

மார்ச் 5, வியாழன்

போன விசாரணையில் கம்பெனி வக்கீல் பெரிய பெரிய வரைபடங்களை விரித்தாராம். விசாரணை அதிகாரி தலையாட்டிக்கொண்டே இருந்தாராம். புரியாதவன்தான் அப்படித் தலையாட்டுவான் என்றாள் அத்தை. துணி அளவு சொல்லும்போது அவளிடம் வருகிறவர்களும் அப்படித்தானாம்.

வரைபடம் வேண்டாம். விமானமே அவர் கண் முன்னால் விழ வேண்டும். எஞ்சின் இருந்தால் நிற்கிறது, கழற்றினால் விழுகிறது, தாங்கி எங்கே? அவ்வளவுதான் கேள்வி.

அலமாரி மேல் அப்பாவின் மாதிரி விமானம் இருக்கிறது. அதே ரகம், நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துகொண்டிருந்தார். விமானத்தின் உடம்பு மட்டும் முடிந்திருந்தது. இறக்கையும் வாலும் ஒட்டவில்லை. டிசம்பருக்குப் பிறகு அதைக் கீழே இறக்கவேயில்லை.

விசாரணைக்காக அதை முடிக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம்மா" என்றார்.

"ஏன்?"

"ஒத்தைக் கையை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"நான் ரெண்டு கை வச்சிருக்கேன்ல?"

அம்மா அடுப்படியிலிருந்து, "அவரை விடேன், ஏன் போட்டு நோண்டுற?" என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் நான் எழுந்து வரும்போது விமானம் மேசைமேல் இருந்தது. அப்பா இடது கையால் தூசி துடைத்துக்கொண்டிருந்தார். எப்படி மனம் மாறினார் என்று கேட்கவில்லை. கேட்டால் திரும்ப மேலே வைத்துவிடுவார்.

அவர் இடது கையால் ஒட்டலாம். ஆனால் ஒட்டியதைக் காயும்வரை பிடிக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கையை நாங்கள் செய்ய வேண்டும். ஒட்டினது காயும்வரை அசையாமல் பிடிக்கிற எதுவானாலும் அப்பாவுக்கு அது ஜிக்தான். "கடையில விக்கிற ஜிக்கு எந்த விமானத்துக்கும் சரியா வராது. வீட்டுல கிடக்கிறதுதான் வரும்."

செருப்புப் பெட்டியின் இரண்டு பக்கமும் கத்தியால் பிறை வடிவில் வெட்டி, பஞ்சு ஒட்டி, உடம்பை அதில் படுக்க வைத்தோம். வால் துடுப்பு நேர்குத்தாக நிற்க இரண்டு பக்கமும் பள்ளிக்கூடத்து மூலைமட்டம், அவை சாயாமல் இருக்கப் பின்னால் ஊறுகாய் பாட்டில்கள். படுக்கைத் துடுப்புகளுக்கு அம்மாவின் தலைக் கிளிப்புகள் பதினொன்று.

"எனக்கு ஒண்ணாவது மிச்சம் வைப்பீங்களா? இல்ல தலைவிரி கோலமா வேலைக்குப் போகவா?" அம்மா கத்தினாள். அப்பா சிரித்தார். டிசம்பருக்குப் பிறகு முதல் சிரிப்பு. சத்தம் இல்லாமல், மூக்கு வழியாக.

மார்ச் 11, புதன்

இடது இறக்கை இரண்டு மில்லிமீட்டர் தாழ்வு என்றார் அப்பா, வாசலில் நின்றபடியே. அளந்தேன். இரண்டு.

மார்ச் 12, வியாழன்

இறக்கை முனைகளுக்கு இருமல் மருந்துப் பாட்டில் இரண்டு வைத்திருக்கிறோம். தாழ்ந்த பக்கம் பாட்டிலுக்கு அடியில் பழைய நோட்டிலிருந்து ஒரு தாள், இன்னொரு தாள் என்று சொருகிக்கொண்டே போய், இருபத்து மூன்றாவது தாளில் "நிறுத்து" என்றார்.

நான் வேலை பார்ப்பது பல் செட் செய்யும் லேப்பில். அங்கிருந்து கொஞ்சம் சிவப்பு மெழுகும் பிளாஸ்டரும் கேட்டு வாங்கி வந்தேன். விமானத்தின் வயிற்றில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, குழைத்த பிளாஸ்டரில் அமுக்கி, இறுகியதும் எடுத்தால் அச்சாக ஒரு தொட்டில். ஈறுக்கு அளவெடுக்கிற மாதிரியேதான். வலது கையின் உதவி இல்லாமலே அப்பா இப்போது விமானத்தை எந்தப் பக்கமும் திருப்பி வைத்து வேலை செய்கிறார்.

லேப் முதலாளி கேட்டார்: "விமானத்துக்குப் பல்லு கட்டப் போறியாக்கும்?"

"ஆமா சார். யாரையாவது கடிக்கணும்."

மார்ச் 15, ஞாயிறு

இன்று ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். விமானத்தின் வயிறு பின்னால் போகப் போக மேலே ஏறுகிறது. அதனால் வாலுக்கு வைக்கும் முட்டின் மேல்பக்கம் தட்டையாக இருந்தால் உட்காராது. அதையும் அதே சரிவில் இழைக்க வேண்டும். வால் பக்கம் உயரம், மூக்குப் பக்கம் தாழ்வு. சரிவு கொஞ்சம்தான், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. திருப்பி வைத்தால் ஒரு விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். நிற்கிற மாதிரிதான் இருக்கும்.

அதனால் அப்பா எல்லா முட்டிலும் பக்கவாட்டில் பென்சிலால் அம்பு போடுவார். அம்பின் அடியில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு. மேலே சைக்கிள் ட்யூப் ரப்பர் துண்டு ஒன்று, இரண்டு ஆணி. "அம்பு மூக்கைப் பாக்கணும். இல்லேன்னா அது முட்டே இல்ல, சும்மா கட்டை."

"உங்களுக்கே தெரியாதா எந்தப் பக்கம்னு?"

"மண்டைக்குத் தெரியும். கைதான் மறக்கும்."

மாலையில் அத்தை வந்தாள். எஞ்சின்கள் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று முழித்துக்கொண்டிருந்தோம். தையல் குண்டூசிப் பெட்டியை எடுத்து நீட்டினாள். "சட்டைக் கையை உடம்போட எப்படிப் பிடிச்சு வைக்கிறோம்? அதே மாதிரி குத்திப் பிடி." சரியாக வந்தது. நாங்கள் இரண்டு பேரும் மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டது அவளுக்கு மூன்று நிமிடம்.

அப்புறம் வால் பக்கம் குனிந்து பார்த்தாள். ஆள்காட்டி விரலை அதற்கடியில் விட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. கட்டையை அவர் வச்சதைப் பாத்தீங்களா?"

அப்பா பசை மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா. வலியில எல்லாம்…"

"சரி சரி, விடுங்க. நான் ஒருத்தி. உங்களைப் போய்…"

அத்தை போன பிறகு அந்த மூடி திறக்கவே இல்லை. அவ்வளவு இறுக்கித் திருகியிருக்கிறார்.

மார்ச் 22, ஞாயிறு

நிற்கிறது!

எஞ்சினுக்குள் மீன்பிடி ஈயக் குண்டுகள் அடைத்தோம், பக்கத்துக்கு ஒன்பது. எஞ்சின் மாட்டினால் மூன்று சக்கரத்திலும் கம்பீரமாக நிற்கிறது. குண்டூசியை உருவி எஞ்சினை எடுத்தால் ஒரு மூச்சு யோசிக்கிறது. பிறகு மூக்கு மேலே எழும்ப, டக் என்று வாலில் உட்காருகிறது.

முதல் தடவை அது விழுந்தபோது நான் கை தட்டினேன். அப்பாவின் வலது கை, கட்டுப் போட்ட கை, தானாக முன்னால் பாய்ந்து வாலைப் பிடிக்கப் போய் மேசையில் இடித்தது. வலியில் முகம் வெளுத்துவிட்டது. கை தட்டியதற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மார்ச் 29, ஞாயிறு

இனி பாக்கி ஒன்றுதான்: விழுந்த அன்று இருந்த முட்டு, அதே அளவில், அதே அடுக்கில். விசாரணை அலுவலகம் அத்தைக்குக் கொடுத்த புகைப்படத்தைக் காலையில் வாங்கி வந்தேன். விபத்துக்கு அரை மணி முன்னால் ஒரு பயிற்சியாளர் வேறெதற்கோ எடுத்ததாம். ஓரத்தில் முட்டு தெரிகிறது. கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டைகள். மேலே ஒரே ஒரு கட்டை, மற்றவற்றைவிடச் சுத்தமாக இழைத்தது. லேப்பில் பல்லின் விரிசல் பார்க்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். எதையும் விடாமல் அப்படியே செய்ய வேண்டும் என்பது என் வெறி.

மேல் கட்டையில் ரப்பர் துண்டு. சைக்கிள் ட்யூப். இரண்டு ஆணி.

பக்கவாட்டில் ஒரு அம்பு. அடியில் குறுக்குக் கோடு.

சரி, அப்பா செய்த கட்டை. அதனால் என்ன? அப்பா செய்திருக்கலாம், மாமா எடுத்து வைத்திருக்கலாம். இருபது தடவை இதையே சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தேன்.

வாலைப் பார்க்கிறது.

அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. லென்ஸையும் படத்தையும் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் படுத்துவிட்டார். பட்டப்பகலில், பதினொரு மணிக்கு.

இது எனக்கு ஏன் தெரியணும்? யார் கேட்டா? நான்தான் கேட்டேன். நான்தான் தூக்கிட்டு வந்து மேசையில வச்சேன்.

மார்ச் 30, திங்கள்

லேப்பில் ஒரு முழு செட்டுக்கு மேல்பல்லைக் கீழேயும் கீழ்ப்பல்லை மேலேயும் அடுக்கி வைத்திருந்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

கேட்டுவிட்டேன். அம்மா வேலையிலிருந்து வருவதற்கு முன்னால்.

"யாருப்பா வச்சது?"

நான் நினைத்த மாதிரி அவர் மழுப்பவில்லை. நாலு நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தவர் போல, நிறுத்தாமல் சொன்னார்.

"நான்தான் செஞ்சேன். நான்தான் வச்சேன். அன்னைக்கு ஒரே நாள்ல ரெண்டு எஞ்சினும் இறங்கணும்னு சூப்பர்வைசர் வாசல்ல நின்னு கத்திக்கிட்டு இருந்தான். கீழ அடுக்கினதெல்லாம் சரி. மேல்கட்டையை வைக்கும்போது அவன் என்னைக் கூப்பிட்டான். திரும்பிப் பாத்துக்கிட்டே வச்சேன். அவ்வளவுதான்."

"மாமா பாக்கலையா?"

"அவன் எப்பவும் அம்பைப் பாத்துட்டுத்தான் உள்ள போவான். அன்னைக்கும் குனிஞ்சான். 'என்ன மச்சான், சரியா இருக்கா?'ன்னான். எனக்கு எரிச்சல். 'நான் வச்சது சரியாத்தான் இருக்கும், நீ போ'ன்னேன்." கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "சிரிச்சுக்கிட்டே போனான்."

பயணிகள் இருக்கைகளைக் கழற்ற மூன்று பேரை விமானத்தின் பின்பக்கம் ஏறச் சொன்னது சூப்பர்வைசர். மூன்றாவது ஆள் ஏறியதும் கட்டை நழுவியிருக்கிறது.

"அப்ப அந்த வாக்குமூலம்? உடன் பணிபுரிந்தோர்?"

"ஆஸ்பத்திரியில கொண்டாந்து குடுத்தாங்க. டைப் அடிச்சு. கையெழுத்துப் போட்டா கருவி அறையில உக்கார வேலை தரோம், இல்லேன்னா கட்டையை வச்சது யாருன்னு போலீஸ் வரைக்கும் போகும்னாங்க. இடது கையில போட்டேன். என் கையெழுத்து மாதிரியே இல்ல."

"அத்தை இங்கதானே வந்து உக்காருறா! இந்த நாற்காலியில! அவ குடுத்த ஊசி இன்னும் அதுல குத்தி இருக்கு!"

"அவன் போயிட்டான்மா. நான் இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க. செத்தவனுக்கு வேலை எதுக்கு?"

என் அப்பாதான் இதைச் சொன்னார். இரண்டு மில்லிமீட்டர் தாழ்வை வாசலில் நின்று கண்டுபிடிக்கிற மனிதர்.

ஏப்ரல் 3, வெள்ளி

அம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியும்.

"உன்கிட்ட ஏன் சொல்லலைன்னா, உன் வாய் சும்மா இருக்காது."

ஏப்ரல் 5, ஞாயிறு

கம்பெனிதான் கொன்றது. இன்னும் அதையேதான் சொல்வேன். தாங்கி இருந்திருந்தால் அந்தக் கட்டைக்கே வேலை இல்லை. எட்டு மாதம் மரக்கட்டையை வைத்து வேலை வாங்கினவன், கட்டை நின்றவரை "கெட்டிக்காரப் பயலுங்க" என்று முதுகில் தட்டினவன், அது நழுவினதும் "அனுமதியற்ற" என்று எழுதுகிறான். இதெல்லாம் உண்மை. ஒரு எழுத்து குறையாத உண்மை.

ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் அப்பா ஒளிந்துகொள்கிறார். நானும்தான்.

அப்பாவிடம் சொன்னேன்: பதிமூன்றாம் தேதி நீங்களே எழுந்து சொல்லிவிடுங்கள், அவசரத்தில் திருப்பி வைத்துவிட்டேன், அவசரப்படுத்தினது இவர்கள் என்று. முட்டு படத்தில் இருக்கிற மாதிரியேதான் செய்வேன், அம்பு வாலைப் பார்த்துத்தான் இருக்கும். மாற்ற மாட்டேன்.

"உன் இஷ்டம்" என்றார்.

அது சம்மதமா, இல்லையா? எனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனான கட்டை. மேலே பலூன் ரப்பர், கடுகில் பாதி அளவுக்கு இரண்டு ஊசி முனை. ஊசியால் கீறி அம்பு போட்டேன். குறுக்குக் கோடும். கோடு மயிரிழை விலகக் கூடாதென்று கையைப் பிடிக்கவே ஒரு ஜிக் வேண்டியிருந்தது: மேசையில் இரண்டு தடித்த புத்தகம், நடுவில் என் மணிக்கட்டு.

என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக எதையும் செய்ததில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். பிறகு எனக்குச் சாதகமாக மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

நீளமான அறை, மின்விசிறி சத்தம், பச்சை விரிப்புப் போட்ட மேசை. அதிகாரி, கம்பெனி வக்கீல், சூப்பர்வைசர், ஐந்தாறு பேர். இந்தப் பக்கம் அத்தை, நான். சுவர் ஓரம் மூன்றாவது நாற்காலியில் அப்பா. இஸ்திரி போட்ட சட்டை. வலது கைப் பொத்தானை அம்மா போட்டுவிட்டிருந்தாள்.

விமானத்தை வைத்தேன். எஞ்சினைக் கழற்றினேன். டக். அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இன்னொரு தடவை காட்டுங்க" என்றார். காட்டினேன். தாங்கி எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினேன். எட்டு மாதம் என்றேன், மூன்று கடிதம் என்றேன். சூப்பர்வைசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். அத்தை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அன்னைக்கு இருந்த முட்டு இதுதான்" என்று எடுத்து வைத்தேன், படத்தில் இருக்கிறபடியே. விமானம் நின்றது. பின்பக்கம் மூன்று ஈயக் குண்டு, மூன்று ஆளுக்கு. மூன்றாவது குண்டுக்கு நழுவியது.

வக்கீல் எழுந்தார். நல்ல மனிதர் போலத்தான் பேசினார். "ரொம்ப அருமையா செஞ்சிருக்கீங்க. இந்த அம்பு என்னம்மா?"

முட்டு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கு, என்றேன்.

"எந்தப் பக்கம் பாக்கணும்?"

"மூக்கை."

"இது?"

"வாலை."

"திருப்பி வச்சுப் பாக்கலாமா?" அவரே திருப்பி வைத்தார். மூன்று குண்டு. ஐந்து குண்டு. எட்டு குண்டு. விமானம் அசையவில்லை.

"அப்ப கட்டை சரியான கட்டைதான். வச்ச விதம்தான் தப்பு. இல்லையா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். இப்போது எழுந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி என்னிடம் கேட்டார், சாதாரணமாக, பேனாவை எடுத்துக்கொண்டு: "வச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மின்விசிறி சுற்றியது. அத்தையின் கை என் முழங்கையில் இருந்தது.

"தெரியாது" என்றேன்.

நான். என் வாயால்.

ஏப்ரல் 20, திங்கள்

அத்தை இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை.

மே 21, வியாழன்

இறுதி அறிக்கை வந்துவிட்டது. "தம் கவனக்குறைவால்" என்ற வரி அப்படியே இருக்கிறது. கீழே புதிதாக ஒன்று: "மறைந்த ஊழியர் முட்டுக் கட்டையைத் தவறான திசையில் வைத்தது, குடும்பத்தார் தரப்பில் காட்டப்பட்ட மாதிரியின் மூலமே உறுதியாகிறது."

மாதிரி மிகத் துல்லியமாக இருந்ததாக இன்னொரு வரியில் பாராட்டியிருக்கிறார்கள்.

தாங்கி இல்லாதது "கவனத்தில் கொள்ளப்பட்டது."

ஜூன் 8, திங்கள்

அப்பா இன்று வேலைக்குப் போனார். கருவி அறை. கம்பெனி புதுத் தாங்கி வாங்கிவிட்டதாம், சிவப்புப் பெயின்ட். காலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பது, மாலையில் திரும்ப வாங்கி வைப்பது, இதுதான் அப்பாவின் வேலை.

"எத்தனை தாங்கி?" என்று கேட்டேன்.

"ரெண்டு."

அவ்வளவுதான் இப்போது எங்களுக்குள் பேச்சு.

ஜூன் 28, ஞாயிறு

அம்மாவின் கிளிப்புகள், மூலைமட்டம், பாட்டில் எல்லாம் அவையவை இடத்துக்குப் போய்விட்டன. பிளாஸ்டர் தொட்டிலை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வேறெந்த விமானத்துக்கும் அது பொருந்தாது. குப்பையில் போட்டேன். அரை மணி கழித்துப் போய் எடுத்தேன். மறுபடி போட்டேன்.

லேப் முதலாளி, வேறு ஊர்க் கிளைக்குப் போகிறாயா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்ன யோசனை? ஓடுவதற்குப் பெயர் கிளை.

ஜூலை 12, ஞாயிறு

அத்தை வந்தாள். அப்பாவும் அம்மாவும் வெளியே போயிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாளோ என்னவோ. கையில் பெரிய அட்டைப் பெட்டி. விசாரணை அலுவலகம் மாதிரியை அவள் முகவரிக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

இளைத்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். "போன்ல பிடிக்கவே முடியலையே உன்னை" என்றாள். கோபமில்லை. வேலை, என்றேன். தலையாட்டினாள்.

பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்தாள். இறக்கை ஒரு பக்கம் விரிசல். எஞ்சின்கள் தனியாக ஒரு உறையில். முட்டுக் கட்டையைக் கடைசியாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். துணியின் நெசவைப் பார்க்கிறவள் கண். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பத்து நாளா இதை வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்கு உங்க விமானமெல்லாம் தெரியாது. ஆனா ஒருத்தர் தைச்சதை இன்னொருத்தர் தைச்சதா சொன்னா எனக்குத் தெரியும். தையல் காட்டிக் குடுத்துடும். அவர் எங்க வீட்டுக் கதவுக்கு வச்ச ஆப்பைப் போய்ப் பாரு. கோடரியால வெட்டினது. அவருக்கு இழைக்கவே வராதுடி."

நான் விரிசலைத் தடவிக்கொண்டிருந்தேன். இதை ஒட்டிவிடலாம் அத்தை, என்றேன்.

"ஒட்ட வேண்டாம்."

நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். எங்கள் முழங்கால்கள் இடித்துக்கொண்டன.

"அந்த ரூம்ல நீ தெரியாதுன்னு சொல்லும்போது என் கை உன் மேலதான் இருந்துச்சு. உன் கை அப்ப எப்படி உதறிச்சுன்னு எனக்குத் தெரியும். நான் எந்த ஆபீசுக்கும் போகப் போறதில்ல. யாரையும் கேஸ்ல மாட்டி விடப் போறதில்ல. எனக்கு மட்டும். வச்சது அவர் இல்லைன்னு மட்டும் சொல்லு."

வெளியே யாரோ வண்டியை நிறுத்தினார்கள். அப்பா அம்மாவாக இருக்கும் என்று இருவருமே வாசலைப் பார்த்தோம். இல்லை, பக்கத்து வீடு.

"என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுடி" என்றாள்.